முள் இறங்கிய இடம்

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தவன் நான். ல, ள, ழ மூன்றும் என் கைக்கு ஒன்றுபோலத்தான் வரும். எங்கே எதைப் போடுவது என்று ஒவ்வொரு முறையும் நின்று யோசித்து, கடைசியில் கைக்கு வந்ததைப் போட்டுவிடுவேன். பேனாவை ஸ்பானர் பிடிப்பது போல இறுக்கிப் பிடிப்பதால் எழுத்து தாளின் மறுபக்கமும் தடித்துத் தெரியும். அச்சில் போடுகிறவர்கள் பிழையைத் திருத்திக்கொள்ளட்டும். நடந்ததை மட்டும் திருத்த வேண்டாம்.

எங்கள் ஊர் கொல்லிமலையில் அரியூர் நாட்டில் இருக்கிறது. மலையில் பல ஊர் சேர்ந்ததை நாடு என்போம். மிளகு, மரவள்ளி, பள்ளத்து வயலில் கொஞ்சம் நெல் என்று பிழைப்பு. எங்களிடம் ஒரு ஜப்பான் வண்டி இருந்தது. அதை என் மனைவி ஓட்டினாள். பிறகு ஓட்டுவதை விட்டுவிட்டாள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆனது.

வண்டியை சேந்தமங்கலத்தில் ஒருவரிடம் பழசாக வாங்கினோம். எட்டுப் பேர் உட்காரக்கூடிய டீசல் வண்டி. மலைக்கணக்கில் பன்னிரண்டு பேர், மூட்டை தனி. கம்பெனிப் பெயரை எங்கள் பக்கம் யாரும் சொல்லமாட்டார்கள். ‘ஜப்பான் வண்டி’ என்றால் தெரியும். ‘ஜப்பான்காரன் என்ஜினு, எண்ணெய மட்டும் மாத்து, உன் பேரன் ஓட்டுவான்’ என்று சொல்லித்தான் விற்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் இந்தக் கதையில் கஷ்டமான இடம்.

ஆரம்பத்தில் நான்தான் ஓட்டினேன். காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரைக்கும் எழுபது கொண்டை ஊசி வளைவு. மேலே ஏறுகிற வண்டிக்குத்தான் இறங்குகிற வண்டி வழி விட வேண்டும். ஆனால் எதிரில் பஸ் வந்து நின்று அந்த டிரைவர் என்னை ஒரு பார்வை பார்த்தால் போதும், நான் பின்னால் எடுத்துவிடுவேன். ஹாரன் அடிப்பதற்கே எனக்குக் கூச்சமாக இருக்கும். யாரையோ அதட்டுவது போலத் தோன்றும். ஒருநாள் மூன்று வளைவுகள் இப்படிப் பின்னாலேயே வந்துவிட்டேன்.

பக்கத்தில் இருந்த என் மனைவி சொன்னாள், “ஏனுங்க, நீங்க ஓட்டற ஓட்டத்துக்கு ராத்திரிக்குள்ள திரும்பக் காரவள்ளி போய்ச் சேந்துருவோமுங்க. எறங்குங்க, நான் பாக்கறேன்.”

அவள் மலையில் இருக்கிற உண்டு உறைவிடப் பள்ளியில் பத்தாவது வரைக்கும் படித்தவள். வாடகைக்கு வண்டி ஓட்டுவதற்கு பேட்ஜ் வேண்டும். அந்தக் காலத்தில் எட்டாவது தேறியவர்களுக்குத்தான் அது கிடைக்கும். எனக்கு அந்தத் தகுதி இல்லை, அவளுக்கு இருந்தது. நாமக்கல் போய்ப் பழகி, லைசென்சும் பேட்ஜும் வாங்கிக்கொண்டு வந்தாள். எங்கள் நாட்டில் ஸ்டியரிங் பிடித்த முதல் பெண் அவள்தான். எதிரில் வருகிற பஸ் டிரைவரிடம் கையை மட்டும் காட்டுவாள். “அண்ணா, கொஞ்சம் ஓரமா நில்லுங்க, மேல சோறு ஆறுது” என்பாள். அவரும் சிரித்துக்கொண்டே பின்னால் எடுப்பார்.

முதலில் பெண்கள்தான் ஏறினார்கள். ஆண்கள் நின்று பார்த்துவிட்டு, அடுத்த வண்டிக்குக் காத்திருந்தார்கள். பிறகு மழையில் பஸ் வராத நாளிலும் இந்த வண்டி வந்து நிற்பதைப் பார்த்து அவர்களும் ஏறினார்கள். அவளுக்கு அதில் ரொம்பப் பெருமை. எனக்கும்தான். அவர்கள் என்ஜினை நம்பி ஏறினார்கள், அவளை நம்பி இல்லை என்பது அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது.

அவள் ஓட்டினாள், நான் பராமரித்தேன். ஆளிடம் பேசுவதற்குத்தான் எனக்குக் கூச்சம், இரும்பிடம் இல்லை. புத்தகத்தில் போட்டிருப்பதற்கு முன்பே ஆயிலை மாற்றிவிடுவேன். ஏற்றத்தில் இழுக்கிற வண்டிக்கு சமவெளிக் கணக்கு பொருந்தாது. வடித்த கறுப்பு ஆயிலை வேலிக்கால்களுக்குப் பூசுவேன், கரையான் ஏறாது. கேனில் வாங்குகிற டீசலில் தண்ணீர் கலந்திருக்கும், அதை ஃபில்டர் அடியில் இருக்கிற திருகைத் தளர்த்தி வடித்துவிட வேண்டும். டைமிங் பெல்ட் விஷயத்தில் மட்டும் யார் பேச்சையும் கேட்கமாட்டேன். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், அப்புறம் ஒன்றும் மிஞ்சாது. மாற்றச் சொல்லி டேஷ்போர்டில் விளக்கு எரியும் முன்பே மாற்றிவிடுவேன். மார்கழிக் காலையில் சாவியைப் பாதி திருப்பி, டேஷ்போர்டில் சுருள் படம் போட்ட விளக்கு அணைகிற வரைக்கும் காத்திருந்து பிறகு ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஹீட்டர் பிளக் சூடாவதற்கு அந்த நேரம். அதற்குள் அவள் அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டு முடித்துவிடுவாள். “சாமி கும்படறதுக்குன்னே ஒரு வெளக்கு வெச்சிருக்கான் பாருங்க ஜப்பான்காரன்” என்பாள்.

ரேடியேட்டருக்கு எங்கள் ஓடைத் தண்ணீர். வேட்டித் துணியில் வடிகட்டித்தான் ஊற்றுவேன். குடித்தால் இனிக்கிற தண்ணீர். அதைவிட நல்ல தண்ணீர் என்ஜினுக்கு எங்கே கிடைக்கும் என்று நினைத்தோம். பச்சைக் கலரில் கூலண்ட் என்று ஒன்று விற்பதைக் கடைகளில் பார்த்திருக்கிறேன். மலையில் இருக்கிற எங்களுக்கு எதற்குக் குளிர்ச்சியைக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று அவள் சிரிப்பாள்.

இனி அந்த முள்ளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

டேஷ்போர்டில் என்ஜின் சூட்டைக் காட்டுகிற ஒரு சின்ன முள் உண்டு. எங்கள் வண்டியில் அது காரவள்ளியில் கீழே கிடக்கும். வளைவுகள் ஏற ஏற அதுவும் மெதுவாக மேலே ஏறும். கடைசி வளைவு தாண்டி, சாலை சமமாகி, சோளக்காட்டுக் குளிர் முகத்தில் அடிக்கிற இடத்தில் அது தானாக இறங்கிவிடும். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, எப்போதும் அப்படித்தான். இறங்கியவுடன் அவள் பின்னால் இருக்கிறவர்களுக்குக் குரல் கொடுப்பாள்: “முள்ளு எறங்கிருச்சுங்கோ!” உடனே ஆண்கள் துண்டை எடுத்துத் தலையில் கட்டுவார்கள், பெண்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டு முந்தானையை இழுத்துப் போர்த்துவார்கள், தூங்குகிற பிள்ளைகளை எழுப்புவார்கள். போகப்போக அது எங்கள் ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. வழியில் தூங்கி விழிக்கிற ஒரு பாட்டி எப்போதும், “முள்ளு எறங்குச்சா கண்ணு?” என்றுதான் கேட்பாள். ஊர் வந்துவிட்டதா என்று அதற்கு அர்த்தம்.

ஒழுங்கான வண்டியில் முள் அப்படி ஏறி இறங்காது என்று எங்களுக்குத் தெரியாது. என்ஜினில் தண்ணீர் போகிற வழியில் ஒரு சின்ன வால்வு இருக்க வேண்டும். குளிர்ந்தால் மூடிக்கொள்ளும், சூடானால் திறக்கும். அது இருந்தால் முள் நடுவிலேயே நிற்கும். வெயில் ஊர்ப் பட்டறைகளில் பலர் அதைக் கழற்றி எறிந்துவிடுவார்களாம், வண்டி சூடாகாமல் இருக்கட்டும் என்று. எங்கள் வண்டியிலும் எங்களிடம் வருவதற்கு முன்பே யாரோ எறிந்திருக்கிறார்கள். எங்களுக்கு அது முதல் வண்டி. முள் ஏறி இறங்குவதுதான் முள்ளின் குணம் என்று நினைத்துக்கொண்டோம்.

அத்தனை வருஷத்தில் அந்த என்ஜின் ஒருநாள்கூட வழியில் நின்றதில்லை. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த காலம் உண்டு. இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அடிக்கடி படுத்துக்கொள்கிற வண்டியாக இருந்திருந்தால், அதற்கு நோய் வந்தால் எப்படி மூச்சு விடும், எப்படி முனகும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். பக்கத்து ஊர் ஜீப் டிரைவருக்கு அவர் வண்டியின் அத்தனை வியாதியும் தெரியும். வாசனையை வைத்தே சொல்லிவிடுவார். எங்கள் வண்டி நல்ல வண்டி. நல்லதாக இருப்பதைத் தவிர அது எங்களுக்கு வேறொன்றும் கற்றுக்கொடுக்கவில்லை.

அது ஆடி மாதம். பதினெட்டு நோம்பிக்குத் துணிமணி எடுக்க எங்கள் ஊர்க்காரர்கள் கீழே போய்விட்டு சாயங்காலம் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நான் அவளுக்குப் பக்கத்து சீட்டில் இருந்தேன். எனக்குப் பின்னால் என் பெரியப்பா முறை ஒருவர், பங்காளி. வாய் ஓயாத மனிதர். நல்ல சாரல். மஞ்சு இறங்கி, பானெட்டுக்கு முன்னால் பத்தடிகூடத் தெரியவில்லை. கண்ணாடிகளை எல்லாம் ஏற்றியிருந்தோம்.

எங்கோ ஒரு வளைவில் என்ஜினுக்குப் பின்பக்கம், கை போகாத இடத்தில், விரல் தடிமன் ரப்பர் குழாய் ஒன்று வெடித்திருக்கிறது. தண்ணீர் முழுவதும் ஆவியாகவும் சாரலாகவும் வெளியே போயிருக்கிறது. மஞ்சுக்குள் ஆவியை யார் பிரித்துப் பார்ப்பது?

அறுபதாவது வளைவுகூட வரவில்லை. அவள் சொன்னாள், “முள்ளு எறங்கிருச்சுங்கோ!”

பின்னாலிருந்து பெரியப்பா, “இதென்ன அம்மணி, இன்னும் வளைவு பாக்கி கெடக்குது, அதுக்குள்ளயா?” என்றார்.

“ஆடிக் குளிருங்க மாமா. நம்மளக் கூட்டிட்டுப் போறதுக்கு எதுத்தாப்புல வந்துருச்சு.”

வண்டியே சிரித்தது. அவர் துண்டை எடுத்துத் தலையில் கட்டினார். நானும், “ஆமா புள்ள, இன்னிக்குக் குளிரு கீழயே எறங்கிருச்சு” என்றேன். எட்டிப் பார்த்து நானும் அந்த முள்ளைப் பார்த்தேன். அடியில் அமைதியாகப் படுத்திருந்தது.

அந்த முள்ளுக்குச் சூடு தெரிவது தண்ணீர் வழியாகத்தான். என்ஜினுக்குள் தண்ணீரில் நனைந்திருக்கிற ஒரு சின்னத் திருகு சொல்வதைத்தான் அது காட்டும். தண்ணீர் போய்விட்டால் அந்தத் திருகு வெறும் காற்றில் நிற்கும். சுற்றிலும் இரும்பு வெந்துகொண்டிருக்கும்போது அது குளிர்ந்துவிட்டது என்று சொல்லும். சமவெளி டிரைவர் யாராவது அந்த முள் திடீரென்று இறங்கியதைப் பார்த்திருந்தால் பயந்து நிறுத்தியிருப்பார். எங்கள் மலைக்காரர்களுக்குத்தான் அது வீடு வந்துவிட்டது என்று தெரிந்தது.

கொஞ்ச தூரத்தில் வண்டி கனத்தது. கியரைக் குறைத்தாள். உள்ளே உரலில் கல் உருள்வது போல ஒரு சத்தம். பிறகு நின்றுவிட்டது. அந்த அமைதியில் கூரையில் மழை விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் சாவியை ஒருமுறை திருப்பினாள், என்ஜின் அசையவில்லை. “ஏனுங்க” என்று என்னைப் பார்த்தாள்.

நான் பானெட்டைத் தூக்கினேன். ஆவி அடங்கிப்போய், சூடு மட்டும் முகத்தில் அறைந்தது. நான் ஒன்றும் புரியாமல் நின்றேன். அதற்குள் பெரியப்பா இறங்கி, பிளாஸ்டிக் கேனைத் தூக்கிக்கொண்டு அந்த மழையில் பாறை இடுக்கில் ஒழுகுகிற ஊற்றுக்கு ஓடினார். எங்கள் மலையில் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிற எந்த உயிருக்கும் முதலில் தண்ணீர், அப்புறம்தான் பேச்சு. “பாவம், நாக்கு வறண்டு கெடக்குதப்பா” என்று சொல்லிக்கொண்டே ரேடியேட்டர் மூடியைத் துண்டால் பிடித்துத் திருகித் திறந்து மொத்தத்தையும் ஊற்றினார். புஸ்ஸென்று ஒரு சத்தம். அதற்கு நடுவில் ‘டக்’ என்று இன்னொன்று. கிளை முறிகிற மாதிரி. அது என்ன என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. அவர் நடுங்கிக்கொண்டே சிரித்தார். “குடிச்சிருச்சு. செத்த நேரத்துல எந்திரிச்சுக்கும்.”

அது எழுந்திருக்கவில்லை. எல்லோரும் நனைந்துகொண்டே மிச்ச வளைவுகளை நடந்து ஏறினோம்.

மறுநாள் சோளக்காட்டு டீக்கடையில் பேச்சு அதுதான். பெரியப்பா பெஞ்சில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். “எம்மருமவ கெட்டிக்காரிதான், இல்லீங்கல. ஆனாலும் பொம்பள கையில இரும்பக் குடுத்தா இரும்புக்கே காய்ச்ச வந்துருதுங்க. இத்தன வருசம் தும்மாத என்ஜினு!”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சிரிப்பு வரும் என்றால் அவர் எதையும் சொல்லுவார். நான் எழுந்து நின்று, “நானுந்தானுங்க பெரியப்பா பக்கத்துல இருந்தேன். நானும் முள்ளப் பாத்தேன்” என்றேன். கடை முழுவதற்கும் கேட்கிற மாதிரி நான் பேசியது அன்றைக்குத்தான்.

“நீ இருந்தாலும் ஒண்ணு, இல்லாட்டியும் ஒண்ணு தம்பி” என்றார். முன்னைவிடப் பெரிய சிரிப்பு. மனைவிக்குப் பரிந்து பேசுகிறான் என்றுதான் அதை எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்குச் சொன்னது எவ்வளவு உண்மையோ, அவ்வளவு வீணாகப் போனது.

வண்டியை லாரியில் கட்டி சேந்தமங்கலம் பட்டறைக்குக் கொண்டுபோனோம். மெக்கானிக் என்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். இரண்டு வால்வுகளுக்கு நடுவில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல்.

“என்ஜின் நின்ன ஒடனே அப்பிடியே உட்டு ஆற வெச்சிருந்தா இவ்வளவு ஆயிருக்காதுங்ணா. பிஸ்டன் தேய்ஞ்சிருக்கும், கேஸ்கட்டு போயிருக்கும். பாத்துச் சரி பண்ணியிருக்கலாம். இந்த ஹெட்டு வெடிச்சது சூட்டுல பச்சத்தண்ணி பட்டதுனால. ஆரு ஊத்துனது?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள், “நாந்தாங்க ஊத்துனேன்.”

மெக்கானிக் அவளைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவர் மரியாதை தெரிந்தவர். ஆனால் அவருடைய பட்டறையில் இருந்த பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன்.

வெளியே வந்ததும் கேட்டேன், “எதுக்குப் புள்ள அப்பிடிச் சொன்ன?”

“அந்த மழையில நனஞ்சுக்கிட்டு ஓடிப்போய்க் கொண்டாந்து ஊத்துனாருங்க. அதுதான் வண்டியக் கொன்னுச்சுன்னு காதுல உழுந்தா, அந்த மனுசன் இனி ஆருக்காவது தண்ணி குடுக்கோணுமுன்னா ஒருதரம் யோசிப்பாரு. வேண்டாமுங்க. நீங்களும் சொல்லிப் போடாதீங்க.”

“ஊரே உம்மேல பழி போடுது.”

“ஏற்கெனவே ஒண்ணு தலமேல கெடக்குது. அதும்மேல இன்னொண்ணு கெடந்தா ஆருக்குத் தெரியப்போகுது.”

அதற்குப் பிறகு நான் சொல்லவில்லை. அவர் உயிரோடு இருந்த வரைக்கும் சொல்லவில்லை.

என்ஜினை முழுவதும் இறக்கிச் செய்தோம். சேலத்தில் தேடிப்பிடித்த ஒரு பழைய ஹெட், லேத்தில் கடைந்த சிலிண்டர், புது பிஸ்டன், புது ரப்பர் குழாய்கள் எல்லாம் போட்டோம். பழைய ரேடியேட்டரைத் தட்டினால் உள்ளிருந்து செம்மண் மாதிரி துரு கொட்டியது. இனிக்கிற தண்ணீர் அத்தனை வருஷமாக உள்ளே செய்த வேலை அது. மெக்கானிக் பச்சைக் கூலண்ட் ஊற்றினார். காணாமல் போயிருந்த அந்த வால்வையும் புதிதாக வாங்கிப் போட்டார். “இனிமே முள்ளு நடுவுல நிக்குமுங்ணா. மேல போனாலும் சரி, கீழ போனாலும் சரி, நிறுத்திக் கீழ எறங்கிப் பாக்கோணும்” என்றார். ஓடைத் தண்ணீரை இனி ஊற்றக்கூடாது என்றும் சொன்னார்.

சாவியைத் தொட்டதும் ஸ்டார்ட் ஆனது. பழைய குரல். அவள் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு அவள்தான் மேலே ஓட்டிக்கொண்டு வந்தாள். நாங்கள் இருவர் மட்டும்தான். நாலைந்து வளைவுக்குள் முள் நடுவுக்கு வந்தது. வந்து நின்றுகொண்டது. முப்பதாவது வளைவிலும் அங்கேயே, ஐம்பதாவது வளைவிலும் அங்கேயே. அவள் சாலையைப் பார்ப்பதற்கும் முள்ளைப் பார்ப்பதற்குமாகத் தலையை ஆட்டிக்கொண்டே ஓட்டினாள். கடைசி வளைவும் தாண்டியது. குளிர் அடித்தது. நான் துண்டைக் கட்டினேன்.

“ஏனுங்க, இது எறங்க மாட்டேங்குது.”

“இனி அப்பிடித்தான் புள்ள. ஒழுங்கா இருக்கற என்ஜினுன்னா நடுவுலயே நிக்குமாம்.”

“குளிரு வந்துருச்சே.”

“குளிரு வந்தாலுந்தான்.”

சோளக்காடு தாண்டி எங்கள் ஊருக்குத் திரும்புகிற இடத்தில், முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திருப்பத்தைத் தவறவிட்டாள். முன்சக்கரம் ஓரக் கல்லில் ஏறி உரசியது. பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

“முன்ன எங்கிட்டப் பேசிக்கிட்டே வந்துச்சுங்க. கடைசியில ஒருநாள் பொய் சொல்லுச்சு. ஆனாப் பேசுச்சு. இப்ப வாயவே தொறக்க மாட்டேங்குது. இத நான் எப்பிடிங்க ஓட்டறது?”

வண்டி இப்போதுதான் சரியாக இருக்கிறது என்பது உண்மை. முன்னால் அது சரியில்லாமல் இருந்தபோதுதான் அவள் அதை ஓட்டினாள் என்பதும் உண்மை. இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இடம் மாறி உட்கார்ந்து மெதுவாக ஓட்டிக்கொண்டு வீடு வந்தேன். கொஞ்ச நாளில் மனசு மாறும் என்று நினைத்தேன். ஆடி போய் ஆவணி வந்தது. ஆட்கள் வேறு வண்டிக்குப் பழகிக்கொண்டார்கள். முள்ளைக் கேட்கிற அந்தப் பாட்டி மட்டும் வழியில் பார்க்கும்போதெல்லாம், “எப்பக் கண்ணு வண்டிய எடுப்ப?” என்று கேட்பாள். “எடுக்கலாங்க அம்மாயி” என்று சொல்லிவிட்டு இவள் நடந்துவிடுவாள்.

வண்டியில் நான் மிளகு மூட்டை மட்டும் ஏற்றினேன். மற்ற நாளில் தார்ப்பாய்க்குக் கீழே நிற்கும். பேட்டரி செத்துவிடாமல் இருக்க வாரத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்வேன். அந்தச் சத்தம் கேட்டால் சமையலறையில் பாத்திரம் உருள்வது நிற்கும். ஒருமுறை உள்ளிருந்தே, “ஃபேன் பெல்ட்டு கத்துதுங்க, இழுத்துக் கட்டுங்க” என்றாள். போய்ப் பார்த்தேன். உண்மைதான், தளர்ந்திருந்தது. எனக்கு அந்தச் சத்தம் காதில் விழவே இல்லை.

போன மார்கழியில் பெரியப்பாவுக்கு மூச்சுத் திணறல் வந்தது. நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார்கள். நான் வண்டியை அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். அவளும் கூட வந்திருந்தாள். அவரைத் தூக்கி உட்கார வைத்தோம். அந்த நிலையிலும் வாய் அடங்கவில்லை. “இவன் ஓட்டறானா? வழியில வார பஸ்ஸுக்கெல்லாம் ஒதுங்கி நின்னு கும்புடு போட்டுக்கிட்டுல்ல போவான். நான் போய்ச் சேந்துருவேன். எம்மருமவள ஓட்டச் சொல்லு.”

அவள் சாவியை என் கையிலிருந்து வாங்கினாள். டிரைவர் பக்கம் போனாள். கதவைத் திறந்தாள். டேஷ்போர்டை எட்டிப் பார்த்தாள். பிறகு கதவை மூடிவிட்டு, பின்னால் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சாவியை என்னிடம் நீட்டினாள்.

“நான் ஓட்டறத உட்டுட்டனுங்க மாமா.”

“எதுக்கு உட்ட? நல்லாத்தான ஓட்டுவ.”

அவர் மறந்துவிட்டார். டீக்கடையில் சொன்னதும், ஊர் சிரித்ததும் அவருக்கு ஞாபகமே இல்லை. நிஜமாகத்தான் கேட்டார்.

“கை வலிங்க மாமா” என்றாள்.

“வலிக்குமா, வலிக்கும். இரும்பு பாரு” என்று சொல்லி, அவர் அவள் கையை எடுத்துத் தடவிக்கொடுத்தார். எழுபது வளைவுக்கும் அந்தக் கையை அவர் விடவில்லை. நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். தண்ணீர் விஷயத்தை அப்போது சொல்லியிருந்தால் அந்தக் கை விலகியிருக்கும். சொல்லாமல் இருந்ததுதான் சரி என்று அன்றைக்குத் தெரிந்தது. சரியானதைச் செய்துவிட்டும் மனம் இவ்வளவு கனக்கும் என்றும் தெரிந்தது. தையில் அவர் போய்விட்டார். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

இந்த ஆடியில் வண்டிக்கு எப்.சி. என்கிற தகுதிச் சான்று முடிந்தது. மறுபடி காட்டினாலும் இவ்வளவு பழைய வண்டிக்குக் கொடுப்பார்கள் என்று நம்பிக்கை இல்லை. கீழேயிருந்து ஒருவர் வந்து பார்த்தார். கரும்பாலை வைத்திருக்கிறார். அவருக்கு என்ஜின் மட்டும் வேண்டும், ஆலையை ஓட்டுவதற்கு. பாடியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவாராம். ஸ்டார்ட் செய்து காதைக் கொடுத்துக் கேட்டார். “தங்கம்ங்க. நானும் எம்பையனும் ஓட்டுனாலும் தேயாது” என்றார். நான் அவளைப் பார்த்தேன். அவள் மரவள்ளிக்கிழங்கைச் சீவிக்கொண்டே, “குடுத்துருங்க. சும்மா நின்னா துருதான் புடிக்கும். ஓடட்டும்” என்றாள்.

நேற்று பதினெட்டு நோம்பி. மலை முழுக்க வெளியூர்க்காரர்கள் கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் நாங்கள் இருவரும் வண்டியை இறக்கிக்கொண்டு போனோம். சாவியை அவளிடம் நீட்டிப் பார்த்தேன். தலையை மட்டும் ஆட்டினாள். இடது பக்கம் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தாள். எதிரில் ஏறிவருகிறவர்களுக்கு எல்லாம் நான் ஒதுங்கி நின்றேன். இறங்குகிறவன் ஒதுங்குவதுதானே முறை. முதல் தடவையாக நான் சரியாக ஓட்டினேன்.

பாதி வழியில் கேட்டாள், “முள்ளு எங்கீங்க நிக்குது?”

“நடுவுல.”

“நிக்கட்டும்” என்றாள்.

வண்டியைக் காரவள்ளியில் அவரிடம் விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பினோம். அவளுக்கு ஜன்னல் ஓர சீட் கிடைத்தது. கூட்டத்தில் எனக்கு இடமில்லை. அவளுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசி வளைவு தாண்டி, சாலை சமமாகி, அந்தக் குளிர் வந்து முகத்தில் அடித்தது. பஸ்ஸில் வேறு யாரும் அசைவதற்கு முன்னால் அவள் ஷட்டரை இறக்கிவிட்டு, முந்தானையை இழுத்துத் தலையில் போர்த்திக்கொண்டாள். அவள் வாய் லேசாக அசைந்த மாதிரி இருந்தது. நான் குனிந்து காத்திருந்தேன். அவள் முந்தானை நுனியை வாய்மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஆடி மாதம், பத்தொன்பதாம் நாள்.